பை சுமப்பவருக்கும் மட்டை வேண்டும்

கோல்ப் செல்வந்தர் விளையாட்டு என்பர். மலைத் திடல் ஒன்றில் ஆடிப் பார்த்த பின் என் கருத்து வேறு.

சமவெளியில் பழகிய கையை மலைச்சரிவு மதிப்பதில்லை. பந்து காலைவிட மேட்டில் இருந்தால் வலக்கை ஆட்டக்காரரின் அடி இடப்புறம் வளைகிறது. பள்ளத்தில் இருந்தால் வலப்புறம் ஓடுகிறது. உதகை, கோடைக்கானல் போன்று 2,000 மீட்டரைக் கடந்த ஊர்களில் காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே அளந்து அடித்த பந்தும் குறியைத் தாண்டிப் போய்விடும். குழியின் அகலமோ 4.25 அங்குலம்தான்! மேட்டிலிருந்த குழியை நெருங்கிய என் பந்து, சற்றே நின்று, மீண்டும் என் காலடிக்கே உருண்டு வந்தது. ஒருமுறை அல்ல, மூன்று முறை!

பை சுமந்து வந்த அண்ணன்தான் கைகொடுத்தார். "குழியைப் பார்க்காதீங்க தம்பி. இடப்பக்கம் இரண்டடி மேலே தட்டுங்க, சரிவே கொண்டுபோய்ச் சேர்த்துடும்" என்றார். அப்படியே சேர்ந்தது.

"நீங்க ஆடுவதுண்டா அண்ணே?"

"நமக்கேது தம்பி!"

சரிவின் நெளிவெல்லாம் அறிந்தவர் கையில் மட்டை இல்லை. இது முறையா? டெல்லியில் பை சுமந்த அலி ஷேர் 1991-இல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். 1993-இல் மீண்டும் வென்றார். வாய்ப்புக் கிடைத்தால் நம் மலைப் பிள்ளைகளும் வெல்வார்கள்.

வாரத்தில் ஒரு காலைப்பொழுதாவது பை சுமப்போருக்கும் உள்ளூர் மாணவருக்கும் மலைத் திடல்கள் கட்டணமின்றித் திறக்கப்பட வேண்டும். பழைய மட்டைகளே போதும். நம் உடற்கல்வித் துறை இக்கோரிக்கையை எழுப்புமானால், மாணவர்களாகிய நாம் துணை நிற்போம்.

— மூன்றாமாண்டு, பி.ஏ. வரலாறு