மேஜைதானேன்னு சொல்லாதீங்க

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிட்டு இருக்கீங்களா? நான் ஒண்ணு தர்றேன். அமெரிக்காவில் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துட்டுப் போற டிராவல் டிரெய்லர் இருக்கு இல்லையா, அதுக்குள்ள உளுத்துப்போன சாப்பாட்டு மேஜைக்குப் பதிலா ஒரு புது மேஜை. அவ்வளவுதான் தலைப்பு. சென்சார் கிடையாது, ஆப் கிடையாது, கிளவுட் கிடையாது.

சிரிக்கிறீங்கன்னு தெரியும். ஸீரோத் ரிவ்யூவிலேயே "இது கார்பெண்டர் வேலை, இதுல நாவல்டி எங்கப்பா?"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. என் கருத்து நேர் எதிர். நாலு வருஷம் நாம பரீட்சைக்குன்னு படிச்சு மறந்ததில் பாதி இந்த ஒரு மேஜைக்குள்ள உட்கார்ந்திருக்கு. காசு கொடுத்து வெளியில் வாங்கி, பைண்டிங் மட்டும் நாம போட்டுக் கொண்டுவர்ற ‘ஸ்மார்ட்’ புராஜெக்ட்டுகளில் அது இல்லை. ஏன்னு சொல்றேன்.

முதல்ல டிரெய்லர்னா என்னன்னு பார்த்துடலாம். சக்கரத்து மேல ஒரு குட்டி வீடு. தனக்குன்னு என்ஜின் இல்லை. பிக்கப் டிரக்கோ எஸ்யூவியோதான் இழுக்கணும். உள்ளே படுக்கை, அடுப்பு, சிங்க், பாத்ரூம் எல்லாம் உண்டு. அந்த ஊர் நெடுஞ்சாலையில் வண்டியின் அகலம் 102 இன்ச்சைத் தாண்டக் கூடாது, அதாவது எட்டரை அடி. சுவர் கனம், நடக்கிற வழி எல்லாம் போக மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரே பொருள் ரெண்டு வேலை செஞ்சாத்தான் குடும்பம் தங்க முடியும். அப்படி ரெட்டை வேலை பார்க்கிறதுதான் டைனெட். எதிரெதிரே ரெண்டு பெஞ்ச், நடுவில் ஒரு மேஜை. பகல்ல சாப்பிடலாம், சீட்டு ஆடலாம். ராத்திரி மேஜைக் காலைக் கழட்டிட்டு, பலகையை இறக்கி, ரெண்டு பெஞ்சின் ஓரத்திலும் இருக்கிற விளிம்புக் கட்டை மேல உட்கார வச்சு, முதுகுக் குஷனை அதுமேல பரப்பினா படுக்கை ரெடி. இது இன்னிக்கு நேத்து வந்த ஐடியா இல்லை. 1936-ல் வந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் டிரெய்லரிலேயே டைனெட் படுக்கையா மாறும். நாலு பேர் தூங்கலாம்.

கம்பெனி கொடுக்கிற மேஜை பல டிரெய்லர்ல பார்ட்டிகிள் போர்டு மேல லேமினேட் ஒட்டினதா இருக்கும். ஓரத்துப் பட்டை கொஞ்சம் பிரிஞ்சு உள்ளே தண்ணி இறங்கினா பலகை உப்பிடும். அப்புறம் கால் பொருத்தின ஸ்க்ரூ பிடி விட்டு ஆட ஆரம்பிக்கும். அங்கே நிறைய பேர் இந்தக் கட்டத்தில்தான் டேப்பையும் ரம்பத்தையும் கையில எடுக்கிறாங்க. அவங்க போடற வீடியோக்களை நான் சாப்பாட்டு நேரத்துல பார்த்து பார்த்துத்தான் இந்தக் கட்டுரைக்கே வந்து நிக்கிறேன்.

இப்போ கவனிங்க. புதுசா ஒரு பொருள் டிசைன் பண்றது ஒரு வகை. ஏற்கெனவே இருக்கிற இடத்தில் போய் உட்காரணும்னு ஒரு பொருள் டிசைன் பண்றது வேற வகை. முதல் வகையில் அளவை நாம முடிவு பண்றோம். சாலிட்வொர்க்ஸைத் திறந்து, 1000-ஐ டைப் பண்ணிட்டா அது 1000 மிமீதான். ரெண்டாவது வகையில் அளவை யாரோ எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க, நாம போய்க் கண்டுபிடிக்கணும். டிரெய்லர் சுவர் நேரா இருக்கும்னு நம்பிப் பலகையை அறுத்தா அது உள்ளே இறங்காது. பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஜன்னல் பக்கம் ஒரு அளவு, நடைபாதைப் பக்கம் இன்னொரு அளவு இருக்கும். அதனால அனுபவசாலிங்க முதல்ல அட்டைப்பெட்டியைக் கிழிச்சு டெம்ப்ளேட் வெட்டி, கீழே இறக்கிப் பார்த்துட்டுத்தான் மரத்தைத் தொடறாங்க. டாலரன்ஸ்னு நாம டிராயிங் ஷீட்ல பிளஸ் மைனஸ் போட்டோமே, அதுக்கு அர்த்தம் அந்த அட்டைத் துண்டில்தான் இருக்கு. ஓரத்துல 3 மிமீ இடைவெளி விட்டா சிக்காம இறங்கும். அதிகமா விட்டா பலகை விளிம்புக் கட்டையில் சரியா உட்காராது, தூங்கறவர் கீழே போவார்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி லோடு கேஸ். பகலில் இந்த மேஜை ஒரு மாதிரி, ராத்திரி வேற மாதிரி. பகலில் காலுக்கு வெளியே நீட்டிட்டு இருக்கிற விளிம்பு ஒரு கேன்டிலீவர். எழுந்திருக்கும்போது எல்லாரும் மேஜை ஓரத்தில் கையை ஊன்றித்தான் எழுந்திருப்பாங்க. மேஜை ஒத்தைக் காலில் நிக்குதுன்னு வச்சுக்கோங்க. அந்தக் காலில் இருந்து 30 செ.மீ. தள்ளி 40 கிலோ எடையை ஊன்றினா மொமென்ட் கிட்டத்தட்ட 118 நியூட்டன் மீட்டர். அது பலகையைத் தாண்டி, காலைத் தாண்டி, தரையில் இருக்கிற வட்டமான பேஸுக்குப் போகுது. அந்தப் பேஸின் ஸ்க்ரூக்கள் எதிரெதிரே 14 செ.மீ. இடைவெளியில் இருந்தா, ஒரு பக்க ஸ்க்ரூவைப் பிடுங்குற விசை சுமார் 840 நியூட்டன், அதாவது 85 கிலோவுக்கும் மேல. கீழே இருக்கிறது கான்கிரீட் இல்லை, மெல்லிசான பிளைவுட் தரை. மேஜை ஆடுதுன்னு பலகையை மாத்தறவங்க பலர். நோய் பலகையில் இல்லை, தரையில். கீழே ஒரு பேக்கிங் பலகை கொடுத்து லோடைப் பரப்பலைன்னா புது மேஜையும் சீக்கிரமே ஆடும்.

ராத்திரி கதை வேற. காலே இல்லை. ரெண்டு ஓரமும் கட்டை மேல. சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம், செகண்ட் இயர்ல போட்டோமே அதே. நடு இடைவெளி 70 செ.மீ., பலகை நீளம் 1 மீட்டர், மேல 100 கிலோ பரவலா இருக்குன்னு எடுத்துக்கோங்க. பிளைவுட்டின் யங்ஸ் மாடுலஸை 8 ஜிகாபாஸ்கல்னு வச்சா, 12 மிமீ பலகை நடுவில் கிட்டத்தட்ட 4 மிமீ வளையும். 18 மிமீ பலகைன்னா 1 மிமீ சொச்சம்தான். கனம் ஒன்றரை மடங்கு, விறைப்பு மூணேகால் மடங்குக்கும் மேல, ஏன்னா கனத்தின் கனமூலம் இல்லை, கனத்தின் மூணாவது அடுக்கு உள்ளே வருது. இந்த ஃபார்முலாவை நாம எத்தனை தடவை எழுதியிருப்போம்? எதுக்குன்னு யாராவது ஒரு படுக்கையைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தாங்களா?

அப்போ 18 மிமீ போட்டுட்டா முடிஞ்சுதேன்னு நினைப்பீங்க. எடை இருக்கே. மீட்டருக்கு 70 செ.மீ. பலகையை 18 மிமீ பர்ச் பிளைவுட்டில் செஞ்சா எட்டரை கிலோ வரும். 12 மிமீ-ல ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. சமையல் மேடை மாதிரி அழகா இருக்கட்டும்னு 20 மிமீ கிரானைட் போட்டா 38 கிலோ. டிரெய்லர் எவ்வளவு சாமான் தாங்கும்னு கதவுப் பக்கம் ஸ்டிக்கரே ஒட்டியிருப்பாங்க. தண்ணி, துணி, பாத்திரம் எல்லாம் அந்தக் கணக்குக்குள்ள அடங்கணும். இன்னொண்ணு, டிரெய்லரின் மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம் முன்பக்கக் கொக்கியில் இருக்கணும். பின்பக்கம் கனம் ஏறி அது குறைஞ்சா வேகத்துல டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிச்சிடும். ஒரு மேஜையால மட்டும் இது நடக்காதுதான். ஆனா "வெறும் அஞ்சு கிலோ தானே"ன்னு பத்து இடத்துல சொன்னா அம்பது கிலோ. மேஜையையும் ராத்திரி ராத்திரி ஒரு ஆள் தூக்கணும், அதுவும் குனிஞ்சு. அதனால என் ஓட்டு 12 மிமீ பலகைக்கு, அடியில் ஓரம் ஓரமா ரீப்பர் ஒட்டி விறைப்பு கூட்டிக்கலாம். என்ன ஒண்ணு, ரீப்பரை விளிம்புக் கட்டையில் இடிக்காத மாதிரி உள்ளே தள்ளிப் போடணும். பகல் டிசைனை ராத்திரி டிசைன் வெட்டிக்கிற இடம் இதுதான்.

பிளைவுட் எதுக்கு, நல்ல ஓக் மரமாவே போடலாமேன்னு கேக்கறவங்க இருக்காங்க. பார்க்க அழகுதான். ஆனா மரம் ஈரத்தைக் குடிச்சா குறுக்கு வாட்டில் விரியும். இந்த டிரெய்லர் ஒரு மாசம் அரிசோனா பாலைவனத்தில் நிக்கும், அடுத்த மாசம் ஃப்ளோரிடா கடற்கரையில் நிக்கும். 60 செ.மீ. அகல ரெட் ஓக் பலகையில் ஈரம் 4 சதவீதம் கூடினா அகலம் கிட்டத்தட்ட 9 மிமீ கூடலாம். நாம விட்டது ரெண்டு பக்கமும் சேர்த்து 6 மிமீ. பகலில் ஜம்முனு இருந்த மேஜை ராத்திரி படுக்கையா இறங்க மாட்டேன்னு அடம் பிடிக்கும். பிளைவுட்டில் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமா ஒட்டியிருக்கிறதால இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

கால் விஷயத்தில் ஒரு சின்ன ஆச்சரியம். பல டிரெய்லர்ல மேஜைக் கால் ஒரு அலுமினியக் குழாய். ரெண்டு முனையும் லேசா கூம்பா இருக்கும். மேலேயும் கீழேயும் சாக்கெட்டில் சொருகினா பிடிச்சுக்கும், நட்டு போல்ட் எதுவும் இல்லை. கழட்ட முறுக்கி இழுக்கணும். இதை எங்கே பார்த்திருக்கோம்? ஒர்க்‌ஷாப் லேத்தோட டெயில்ஸ்டாக்கில் டிரில் நிக்குதே, மோர்ஸ் டேப்பர், அதே உராய்வு வித்தைதான். காலே வேண்டாம், பக்கத்துச் சுவரில் தொங்குற பிராக்கெட் போட்டுக்கறேன்னு சிலர் போறாங்க. நல்லதுதான், காலு முட்டாது. ஆனா மொமென்ட் காணாமப் போகலை, சுவருக்குக் குடிபோயிருக்கு. மெல்லிசான பிளைவுட்டும் ஃபோமும் சேர்ந்த அந்தச் சுவரில் உள்ளே சட்டம் எங்கே ஓடுதுன்னு தேடி, அதுல ஸ்க்ரூ போட்டாத்தான் நிக்கும்.

கடைசியா, இதை அழகு விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு செய்தி. 2005-ல் கத்ரினா சூறாவளியில் வீடு இழந்தவங்களுக்கு அமெரிக்க அரசின் ஃபெமா அமைப்பு லட்சத்துக்கும் மேல டிரெய்லர் கொடுத்துச்சு. அதுல குடியிருந்தவங்க கண் எரியுது, மூச்சு முட்டுதுன்னு புகார் சொன்னாங்க. அந்த ஊர் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 519 டிரெய்லர், மொபைல் வீடுகளில் காற்றைச் சோதிச்சு 2008-ல் முடிவைச் சொன்னது: ஃபார்மால்டிஹைடு சராசரி சுமார் 77 பிபிபி. சாதாரண வீடுகளில் இருக்கிறதை விட அதிகம். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப்., மலிவான பிளைவுட் இதையெல்லாம் ஒட்டுற பசையில் இருந்து வர்ற வாயு அது. சூடும் ஈரமும் ஏற ஏற இன்னும் வெளியே வரும். வெயிலில் நிக்கிற மூடின பெட்டிக்குள்ள என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. 2010-ல் இதுக்குத் தனிச் சட்டமே வந்தது. இப்போ அங்கே எம்.டி.எஃப்-க்கு 0.11 பிபிஎம், பார்ட்டிகிள் போர்டுக்கு 0.09, ஹார்ட்வுட் பிளைவுட்டுக்கு 0.05-ன்னு உச்சவரம்பு. ஒரு குழந்தை அந்தப் பலகை மேல முகம் வச்சுத் தூங்கப் போகுது. மெட்டீரியல் செலெக்‌ஷன்னு நாம மூணு கிரெடிட்டுக்குப் படிச்சது இதைத்தான்.

"கடையில் ரெடிமேடா கிடைக்குமே, எதுக்கு இவ்வளவு?"ன்னு நீங்க கேக்கலாம். கிடைக்கும். அளவு ஒத்துப்போனா வாங்கிக்கோங்க, நான் தடுக்கலை. "நமக்கு இங்கே டிரெய்லரே இல்லையே"ன்னும் கேக்கலாம். நியாயம். தலைப்பை அப்படியே காப்பி அடிக்கச் சொல்லலை. ஆனா ரிவ்யூ பேனலில் உட்கார்றவங்க கிட்டயும், டீம் மேட்ஸ் கிட்டயும் என் சண்டை ஒண்ணே ஒண்ணு: யாரும் பயன்படுத்தாத பொருளில் புதுமை இருக்கான்னு கேக்கறீங்க, ஒருத்தர் தினமும் கை ஊன்றப் போற பொருள் நிக்குமான்னு கேக்க மாட்டேங்கறீங்க. முதல் கேள்விக்குப் பிபிடி போதும். ரெண்டாவது கேள்விக்கு மேஜை மேல யாரையாவது உட்கார வச்சுக் காட்டணும்.

யாருக்காவது உண்மையிலேயே ஆசை வந்து, எங்கேயாவது ஒரு வேனிலோ படகிலோ இதைச் செய்யப் போறீங்கன்னா ஒரு விஷயம். பழைய மேஜையைக் கழட்டின அன்னிக்கே குப்பையில் போடாதீங்க. அடியில் கால் சாக்கெட் பொருத்தின ஓட்டைகள் எங்கே இருக்குன்னு அதைக் கவிழ்த்துப் போட்டுக் குறிச்சுக்கோங்க, ஓரத்துல தேய்ஞ்ச தழும்பையும் பாருங்க. அது எங்கே இடிச்சுதோ, அங்கேதான் புதுசும் இடிக்கும். புதுப் பலகை ஒரு ராத்திரி முழுக்க ஆளைத் தாங்கினதுக்கு அப்புறம் பழசை வெளியே அனுப்புங்க.