மலை உச்சி எங்கயும் ஓடிப்போகாது

பரீட்சை முடிந்து லீவு விட்டாச்சுன்னா எங்க பக்கத்து பர்வதமலைக்கு டவுன் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். பாதிப் பேருக்கு அதுதான் முதல் மலை. வழியில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, உச்சிக்குப் போக எவ்ளோ நேரம் ஆகும்?"

அந்தக் கேள்வியே தப்பு என்பது என் கட்சி. கோடையில் மலை ஏறுகிறவர் கேட்க வேண்டியது, "எத்தனை மணிக்குத் திரும்பணும்?" என்றுதான்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பர்வதமலை திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் பக்கம் இருக்கிறது. உயரம் சுமார் 4,500 அடி. தென்மாதிமங்கலம் வழியாகவும் ஏறலாம், கடலாடி வழியாகவும் ஏறலாம். கீழே காட்டுப் பாதை, கொஞ்சம் நிழல் உண்டு. மேலே போகப் போக வெறும் பாறை. கடைசியில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டும் இரும்பு ஏணியிலும் ஏற வேண்டும். அதாவது உடம்பு நன்றாகக் களைத்த பிறகுதான் கஷ்டமான இடமே வரும். அதையும் நிழல் இல்லாமல் ஏறணும்.

மேலே போனால் குளிரும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும், வாஸ்தவம்தான். ஆனால் அது காற்றின் சூடு. சித்திரை வெயிலில் பத்து மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும். தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே அடுப்பு. நடுவில் நீங்கள்.

வருஷம் பூரா வெயிலில் கிடக்கிற நாங்களே கோடையில் என்ன செய்கிறோம் பாருங்க. மல்லாட்டைக்குக் களை வெட்டப் போனாலும் சரி, வரப்பு கழிக்கப் போனாலும் சரி, விடியலில் இறங்கி பத்து மணிக்குக் கரை ஏறிடுவோம். ஆடு மேய்க்கிறவர் பதினோரு மணிக்கு ஆட்டை மர நிழலில் மடக்கிப் போட்டுவிட்டு, மூணு மணிக்கு மேலதான் ஓட்டுவார். சோம்பேறித்தனம் இல்லைங்க, அனுபவம். ஏசி ரூமில் உட்கார்ந்திருந்த உடம்பு வெயிலுக்குப் பழகவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி, தூங்காமல் வந்து, சனிக்கிழமை மத்தியானம் பாறையில் நின்றால் அது எப்படித் தாங்கும்?

போன வருஷத்துக்கு முந்தின சித்திரையில் ஒரு பையன், இருபத்தி மூணு, நாலு வயசு இருக்கும், ஏணிக்குக் கீழே சுருண்டு விழுந்துவிட்டான். அதற்கு அரை மணி முன்னாலேயே பேச்சு குழறியிருக்கு. கூட வந்தவர்கள் கிண்டல் பண்றான்னு நினைத்து, "இன்னும் கொஞ்சம்தான் மச்சி" என்று ஏற்றியிருக்கிறார்கள். எங்க ஊர் ஆட்கள் நாலு பேர் போய் வேட்டியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். அதில் ஒருத்தருக்கு அன்றைக்கு மூணு பேஸ் கரண்ட் வர்ற நேரம். கரும்புக்குத் தண்ணி கட்டாமல் ஓடினார். பையன் பிழைத்துக்கொண்டான், சந்தோஷம். ஆனால் நீங்கள் உச்சியில் எடுக்கிற போட்டோவுக்கு இன்னொருத்தர் முழங்கால் தேய வேண்டியிருக்கு என்பதை யாராவது சொல்லணும் இல்லையா?

அதனால் முதல் தடவை வருகிறவர்களுக்கு என் கணக்கு இதுதான். வனத்துறைக்காரர்கள் விடுகிற நேரத்தை முன்னாடியே விசாரித்து, விடிய விடியக் கிளம்புங்க. எட்டரை மணி ஆச்சுன்னா எங்கே நின்றாலும் திரும்பிடுங்க. உச்சி கண்ணுக்கு எதிரே தெரிந்தாலும் சரிதான். இறங்குவது சுலபம் என்று நினைக்காதீங்க, முட்டி வாங்குகிற அடி எல்லாம் இறங்கும்போதுதான். ஆளுக்கு மூணு லிட்டர் தண்ணீர் முதுகில் இருக்கட்டும். மூணு கிலோ கனக்கும், கனக்கட்டும். வழியில் கிடைக்கும் என்று நம்பி வராதீங்க. வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ வேணும். யாருக்காவது பேச்சு குழறினால், தள்ளாடினால், அங்கேயே நிறுத்தி நிழலில் படுக்க வைத்து, உடம்பு பூரா ஈரத்துணி போட்டு விசிறுங்க. 108க்குக் கூப்பிடுங்க.

அடுத்தது நெருப்பு. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல்லில் பிடித்த தீ, பள்ளத்தை விட மேட்டில் வேகமாக ஏறும். மேலே இருக்கிற புல்லைத் தன் அனலாலேயே முன்கூட்டி உலர்த்திக்கொண்டு போகும். மனுஷன் மேல்நோக்கி ஓடி அதை ஜெயிக்க முடியாது. அரசே நடத்துகிற 'டிரெக் தமிழ்நாடு' பாதைகளைக் கூட பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடுவது இதற்காகத்தான். மூடியிருந்தால் வேறு பக்கமாகப் புகுந்து போகலாமா என்று எங்களிடம் வழி கேட்காதீங்க. பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் காட்டுக்குள் வேண்டாம்.

"எழுபது வயசு ஆயா ஏறிப் போகுது, எங்களால முடியாதா?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஆயா எப்படி ஏறுது என்று கவனிங்க. இருட்டோடு கிளம்பும். பத்தடிக்கு ஒரு தடவை உட்காரும். யாரோடும் போட்டி கிடையாது. முடியலைன்னா பாதியிலேயே கற்பூரம் ஏத்திக் கும்பிட்டுத் திரும்பிடும். அதுக்கு வெட்கமே கிடையாது. உங்களுக்கு இருக்கிற பிரச்சினை கால் வலு இல்லை, அந்த வெட்கம்தான்.

வரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரை ஒரு தடவை நடந்து பாருங்க. அது சமதரை. அதில் கால் எப்படி இருக்கு என்று தெரிந்துகொண்டு, அப்புறம் செஞ்சி ராஜகிரிக் கோட்டை. உச்சியை ஒரே மூச்சில் பார்த்தே தீரணும் என்றால் மார்கழி, தை மாசம் வாங்க. கோடையில்தான் லீவு கிடைக்கும் என்றால், கோடையிலேயே வாங்க. பாதி மலை ஏறி, சூரியன் வர்றதைப் பார்த்துட்டு, வெயில் ஏறும் முன்னால் இறங்கி, கீழே மர நிழலில் கூழோ மோரோ குடிச்சிட்டுத் தூங்குங்க. அதுவும் மலை ஏறினதுதான். மீதி மலையை அடுத்த தடவை வந்து ஏறிக்கலாம்.