காற்றுதானே?



மார்கழி பிறந்ததும் எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களின் குணம் மாறிவிடும். கோலப் போட்டிக்கான புள்ளிக் கணக்குகளுக்கும் கச்சேரி பற்றிய சண்டைகளுக்கும் நடுவே, சில ஆண்டுகளாக ஒரு புதுக் கேள்வியும் வருகிறது. ‘அரையாண்டுப் பரீட்சை லீவில் மணாலி போகிறோம். ஸ்னோ கிடைக்குமா?’ சீசனில் மல்கோவா கிடைக்குமா என்று கேட்பதைப் போலத்தான் கேட்கிறார்கள்.

குறை சொல்லவில்லை. ஆறு பருவங்களில் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயர் வைத்தவர்கள் நாம். ஆனால் அந்தப் பனி புல் நுனியில் நின்று, காலை எட்டு மணிக்குள் விடைபெற்றுக்கொள்ளும் பனி. வானத்திலிருந்து பஞ்சாக இறங்கி, இடுப்பளவு குவிந்து, வாரக் கணக்கில் கிடக்கும் பொருளுக்கும் அதே சொல்லைத்தான் கொடுத்திருக்கிறோம். குழப்பம் வேண்டாமென்று இளையவர்கள் ஸ்னோ என்கிறார்கள். என் பாட்டிக்கு ஸ்னோ என்றால் முகத்தில் பூசிக்கொள்ளும் டப்பா. இரண்டுமே வெள்ளை, இரண்டுமே மென்மை என்கிற எண்ணம் மட்டும் நம் எல்லோருக்கும் பொது.

எனக்கும் அப்படித்தான் இருந்தது, 2017 நவம்பர் வரை.

அம்மா, தங்கை குடும்பம், நான் என்று ஏழு பேர் மணாலி போயிருந்தோம். அப்போது அடல் சுரங்கப்பாதை திறக்கவில்லை. மணாலியிலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போக ரோத்தாங் கணவாய் ஒன்றே வழி. 3,978 மீட்டர் உயரம், 51 கிலோமீட்டர் தூரம். குளிர்காலத்துக்காகக் கணவாயை மூடப்போகும் நேரம். பெர்மிட் அந்த ஒரு தேதிக்கு மட்டும்தான் செல்லும். மறுநாள் மாலை டெல்லிக்கு பஸ். விடியற்காலை கிளம்பி குலாபா தாண்டியதும் ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். வானம் துடைத்துவைத்த மாதிரி நீலமாக இருந்தது. அவர் முகட்டைக் காட்டி, ‘ஊப்பர் ஹவா ஹை’ என்றார். மேலே காற்று அடிக்கிறதாம். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

‘காற்றுதானே?’ என்று நாங்கள் ஒரே குரலில் கேட்டோம். கடற்கரைக்குப் போய்க் காற்றை ‘வாங்கி’ வருகிற ஊர்க்காரர்களிடம் அவர் வேறெதை எதிர்பார்த்தாரோ தெரியாது. எங்களுக்கு முன்னால் இரண்டு வண்டிகள் ஏறிப் போய்க்கொண்டிருந்தன. சாலைத் தடுப்பு திறந்தே இருந்தது. நாங்கள் கெஞ்சினோம், பிறகு கோபித்தோம். அவர் வண்டியைத் திருப்பினார்.

அவர் காட்டிய இடத்தில் நான் பார்த்தது, மலை முகட்டிலிருந்து வெண்புகை போல ஏதோ ஒரே பக்கமாக நீண்டு கிடந்ததை மட்டும். மேகம் என்று நினைத்து அதைப் படம்கூட எடுத்தேன். அது மேகம் அல்ல. காற்று வாரிக்கொண்டு போகிற பனி. திரும்பி வந்து பல நாள் படித்த பிறகுதான் அந்தப் படத்தில் இருப்பது என்னவென்று எனக்குப் புரிந்தது.

காற்றின் வேகம் மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தொட்டாலே தளர்ந்து கிடக்கும் உலர்ந்த பனித்தூள் கிளம்பிவிடும். வானத்திலிருந்து ஒரு துகளும் விழாமலேயே பனிப்புயல் அடிக்கலாம். நேற்று விழுந்த பனியே போதும். அமெரிக்க வானிலைத் துறையின் கணக்கில், மணிக்கு 56 கிலோமீட்டர் காற்றும் 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத நிலையும் மூன்று மணி நேரம் நீடித்தால் அது பனிப்புயல். நம் வங்கக் கடலில் 56 கிலோமீட்டர் காற்றுக்கு யாரும் பெயர்கூட வைக்கமாட்டார்கள். அது ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 தாண்டினால்தான் புயல் என்ற பட்டமே கிடைக்கும். கஜாவையும் வர்தாவையும் பார்த்த நமக்கு அந்த வேகம் ஒரு பொருட்டாகத் தெரியாது. ஆனால் மலையில் காற்று எவ்வளவு வேகமாக அடிக்கிறது என்பதைவிட எதைச் சுமந்துகொண்டு அடிக்கிறது என்பதுதான் விஷயம். சாலை, பள்ளம், எதிர் வண்டி எல்லாம் ஒரே வெள்ளையாகிவிட்ட பிறகு ஓட்டுநரின் திறமைக்கு அங்கே வேலையில்லை.

காற்று சுமந்து போன பனியை எங்கே இறக்குகிறது என்பது இன்னும் முக்கியம். காற்று அடிக்கும் பக்கத்துச் சரிவைச் சுரண்டி, முகட்டைத் தாண்டி, மறைவான பக்கத்தில் கொட்டும். மேலிருந்து விழும் பனியைவிடப் பல மடங்கு வேகத்தில் அங்கே குவியும். அப்படிக் குவிவது தூளாக இருக்காது. காற்று அடித்து அடித்து இறுக்கிய பலகை. கீழே உள்ள அடுக்கோடு அது சரியாக ஒட்டியிருக்காது. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் இந்தப் பலகை ஒரு ஆளின் எடைக்கே உடைந்து மொத்தமாகக் கிளம்பும். அதுதான் பனிச்சரிவு. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கவைக்கலாம். அதற்குப் பிறகு நம்பிக்கை மளமளவென்று சரியும். 2023 ஏப்ரல் 4 அன்று, சித்திரை பிறக்கப் பத்து நாள் இருக்கையில், சிக்கிமில் நாது லா கணவாய்க்குப் போகும் சாலையில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இப்படி இறந்தார்கள். 13-ஆம் மைல் வரைதான் அனுமதி. சரிவு வந்தது 15-ஆம் மைலில்.

உடம்பின் கணக்கும் காற்றோடு மாறும். அண்டார்டிகாவில் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள், ஒரு பிளாஸ்டிக் உருளையில் நீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, காற்று கூடக்கூட அது எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று 1940-களின் தொடக்கத்தில் அளந்தார்கள். இன்று வானிலை அறிக்கைகளில் காணும் ‘உணரும் குளிர்’ அங்கே தொடங்கியது. மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20. ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக் கணக்கில் பார்த்தால், மணாலி கடைத்தெருவில் 5 டிகிரியில் ஐஸ்கிரீம் சாப்பிடும் அதே நேரத்தில் ரோத்தாங்கில் மைனஸ் 7 இருக்கும். காற்று அதற்கு மேல்.

இந்தப் பனிப்புயல்கள் எங்கிருந்தோ திடீரென்று குதிப்பவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, மேற்கிலிருந்து வீசும் உயர்மட்டக் காற்றில் ஏறி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இமயத்துக்கு வருகின்றன. நம் வானிலைத் துறை இவற்றை மேற்கத்திய இடையூறு என்கிறது. இடையூறு என்ற பெயர் கொஞ்சம் அநியாயம்தான். வட இந்தியக் கோதுமைக்கு மழையும், ஆறுகளுக்கு வேண்டிய பனிச் சேமிப்பும் இவை கொண்டுவருபவைதாம். பனி பொய்த்த ஆண்டில் ஹிமாசலத்து ஆப்பிள் விவசாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். காஷ்மீரில் டிசம்பர் 21-இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு சில்லை கலான் என்று தனிப் பெயரே உண்டு. அவ்வளவு தூரம் கடந்து வருவதால், வரப்போவது சில நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும்.

தெரிந்தும் என்ன நடக்கிறது என்பதற்கு மர்ரீயைவிடத் துயரமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பாகிஸ்தானில் இஸ்லாமாபாத்துக்கு அருகே உள்ள மலைவாசஸ்தலம். ஊட்டியைப் போலவே வெள்ளைக்காரர்கள் வெயிலுக்கு ஒதுங்க அமைத்த ஊர். உயரமும் ஏறக்குறைய ஊட்டி உயரம்தான். கணவாய் இல்லை, பனிச்சிகரம் இல்லை. 2022 ஜனவரி முதல் வாரத்தில் வானிலைத் துறை எச்சரித்திருந்தும், பனி பார்க்க ஒரு லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் ஏறின. 7-ஆம் தேதி இரவு சுமார் நான்கு அடி பனி கொட்டியது. மரங்கள் சாலையில் சாய்ந்தன. வண்டிகள் நின்ற இடத்தில் நின்றன. விடிந்தபோது குறைந்தது 22 பேர் தங்கள் கார்களுக்குள்ளேயே இறந்திருந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் குழந்தைகள். எட்டுப் பேர் ஒரே குடும்பம்.

சிலரைக் குளிர் கொன்றது. சிலரைக் கொன்றது கதகதப்பு. ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிடுகிறோம். வெளியே பனி உயர்ந்து புகைக்குழாயை அடைக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு அடிவழியாக உள்ளே வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தச் சிவப்பணுவோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ஆசையாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, பிறகு தூக்கம். குழந்தை அசந்து தூங்குகிறது என்று அம்மா நிம்மதிப்பட்டிருப்பாள். இதை எழுதும்போது கை நிற்கிறது. வண்டி மாட்டிக்கொண்டால், அதைவிட்டு இறங்கி நடக்காதீர்கள். புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அவ்வப்போது கையாலாவது தள்ளிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினை ஓட்டி, காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வையுங்கள். விடுதி அறையில் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வதும் இதே கதைதான். வட இந்தியச் செய்தித்தாள்களில் ஒவ்வொரு தை மாதமும் அது வரும்.

2018 டிசம்பர் 28-இல் நாது லா பக்கம் சுமார் 2,500 சுற்றுலாப் பயணிகள் இதே போல மாட்டிக்கொண்டார்கள். அங்கே ராணுவம் இருந்தது. ஜவான்கள் தங்கள் படுக்கைகளை விட்டுக்கொடுத்து அத்தனை பேரையும் காப்பாற்றினார்கள். மலையில் பனி பார்க்க நாம் போகிறோம். பனியில் இருந்தே தீரவேண்டியவர்கள் அவர்கள். 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19-ஆவது படைப்பிரிவினர். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள், வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து போனவர்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு எடுக்கப்பட்ட கர்நாடகத்து ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி கண்மூடினார். அவர்களுக்கு ‘இன்று போகவேண்டாம்’ என்று முடிவெடுக்கும் உரிமை கிடையாது. நமக்கு உண்டு.

சுரங்கப்பாதை திறந்த பிறகு அந்த உரிமையை நாம் இன்னும் குறைவாகவே பயன்படுத்துகிறோமோ என்று சந்தேகம். 2020 அக்டோபரில் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் பாதை, லாஹௌல் மக்களுக்கு ஆண்டில் பாதி நாள் நீடித்த சிறையை உடைத்தது. அது பெரிய காரியம். ஆனால் சுரங்கத்துக்குள்தான் பனி இல்லை. இரண்டு வாயில்களுக்கும் போகிற சாலை பழைய மலைச் சாலைதான். 2024 டிசம்பர் 23-இல் மணாலிப் பக்கம் சோலாங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே சுமார் ஆயிரம் வண்டிகள் நின்றுவிட்டன. போலீஸார் இரவெல்லாம் தள்ளி இறக்கினார்கள்.

போகவேண்டாம் என்று எழுத எனக்கு மனமில்லை. கம்பளி, டயர் செயின், பிளாஸ்க் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிற கட்டுரை இந்த இதழிலேயே உள்ளே இருக்கிறது. அதில் இல்லாத இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒன்று, பயணத் திட்டத்தில் எதுவும் எழுதாத ஒரு நாள். மறுநாள் பஸ், அதற்கடுத்த நாள் விமானம், திங்கட்கிழமை ஆபீஸ் என்று நெருக்கி வைத்திருப்பவரை வானிலை எச்சரிக்கையால் நிறுத்தமுடியாது. மர்ரீக்கு ஏறியவர்களும் ஏதோ ஒரு வார இறுதியைத்தான் நம்பியிருந்தார்கள்.

இன்னொன்று, வரமாட்டேன் என்று சொல்கிற ஓட்டுநருக்கும் அன்றைய முழு வாடகை. இதை நான் பெரிய மனதோடு சொல்லவில்லை. 2017-இல் குலாபாவிலிருந்து திரும்பிய பிறகு, ‘பாதி வழிதானே வந்தோம்’ என்று பாதி வாடகைக்குப் பேரம் பேசியவர்களில் நானும் ஒருத்தி. சீசன் முடிந்தால் அவருக்கு ஆறு மாதம் வருமானம் கிடையாது. மேலே போயிருந்தால் முழுப் பணம், திருப்பினால் பாதி. காற்றைப் பார்த்துச் சரியாகச் சொன்னதற்கு நாங்கள் போட்ட அபராதம் அது. அவர் எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலை நான்கு மணிக்கு விடுதி ஜன்னலைத் திறந்தால் மலையைக் காணோம். விடுதிக்காரம்மா தந்தூரில், அதாவது அங்கே வீட்டுக்கு நடுவில் வைக்கும் இரும்புக் கணப்பில், தேவதாரு விறகைத் திணித்துக்கொண்டே கணவாய் மூடிவிட்டதாகச் சொன்னார். முன்னால் போன அந்த இரண்டு வண்டிகளும் வழியில் இருக்கும் மர்ஹியில் நின்று, இருட்டிய பிறகு ஊர்ந்து இறங்கி வந்தனவாம்.

மறுநாள் பஸ் நிலையத்துக்கு அந்த ஓட்டுநரே வந்து கொண்டுவிட்டார். காசு கேட்கவில்லை. அம்மா கைப்பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். ‘யே க்யா ஹை, மாதாஜி?’ என்று கேட்டு, அங்கேயே ஒன்றைக் கடித்து, அந்தச் சத்தத்துக்குத் தானே சிரித்தார். முகட்டில் அன்று வெண்புகை இல்லை.

ரோத்தாங்கை நான் இன்னும் பார்க்கவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்