வண்டிக்கு மூச்சுத் திணறல்!

எங்களுக்கு மீன் கொண்டுவரும் புளியந்தோப்பு அம்மாளிடம் பழைய டி.வி.எஸ். 50 ஒன்று உண்டு. காசிமேட்டிலிருந்து கூடையோடு வருகையில், சென்ற மாதம் அது பாலத்து மேட்டில் ஏறவே மறுத்துவிட்டது. "காயலான் கடைக்குத்தான் போடணும் போல" என்று கண் கலங்கினாள். பிழைப்பாயிற்றே!

மெக்கானிக் பெரியவர் சிரித்தார். "இஞ்சின் நல்லாத்தாம்மா கீது. மூச்சுதான் அடைச்சுக்கினுகீது!"

1980-இல் வந்த இந்த வண்டி 'டூ-ஸ்ட்ரோக்' ரகம். பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து எரியும். மிச்சம் கரியாகப் புகைவழியில் அப்பிக்கொள்ளும். பழைய புகை போகாமல் புதுக் காற்று வருமா? அம்மாளோ, வண்டிக்கு நல்லதென்று எண்ணெயைத் தாராளமாக ஊற்றியிருக்கிறாள். அளவு மிஞ்சினால் அமுதமும் நஞ்சுதானே!

அடிப்பிடித்த பாத்திரத்துக்கு நாம் செய்யும் வைத்தியம்தான். பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் கரியைச் சுரண்டினார். இரும்பால் சுரண்டினால் அலுமினியத்தில் கீறல் விழும். காஸ்டிக் சோடாவோ அலுமினியத்தையே தின்றுவிடும். அடுப்புப் பக்கம் இந்த வேலை கூடவே கூடாது.

மறுநாள் வண்டி மேடேறி வந்தது. எங்கள் வீட்டில் வஞ்சிரக் குழம்பு. விலையில்தான் சல்லிக்காசு குறையவில்லை!