அஜ்மலின் தெரியுமா உங்களுக்கு?

சென்ற வாரம் ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பஸ்ஸில், மிளகு வியாபாரம் செய்யும் நம் சகோதரர் ஒருவரின் மகனைச் சந்தித்தேன். சேலத்தில் கல்லூரியில் படிக்கிறான். "மருத்துவத்துக்கு உங்க ஆளுங்க என்ன செஞ்சாங்க?" என்று உடன் படிப்பவன் கேட்டானாம். இவன் இப்னு சீனா என்றிருக்கிறான். "அது ஆயிரம் வருஷக் கதை, இந்தியாவுல சொல்லு" என்றதும் வாயடைத்து நின்றுவிட்டான்.

கேட்டவன் மீது எனக்குக் கோபமில்லை. பதில் தெரியாமல் பிள்ளைகளை வளர்த்த நம் மீதுதான் கோபம்!

டில்லியில் ஹக்கீம் அஜ்மல்கான் என்றொரு பெருமகன் இருந்தார். 1921-ல் காங்கிரஸ் தலைவர். மருந்து விற்ற ஹிந்துஸ்தானி தவாகானாவின் வருமானத்தைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திப்பியா கல்லூரிக்குக் கொடுத்தவர். அந்தக் கல்லூரியை 1921-ல் திறந்து வைத்தவர் காந்தியடிகள். யூனானி மூலிகைகளை நவீன ரசாயன முறையில் ஆராய வேண்டும் என்பது ஹக்கீம் ஸாஹிபின் கனவு. ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் டாக்டர் பட்டம் பெற்ற ஸலீமுஸ்ஸமான் சித்தீக்கீயை அதற்கென்று தேர்ந்தெடுத்தார். 1927 டிசம்பரில் ஹக்கீம் மறைந்தார். ஆனாலும் ஆய்வுக்கூடம் நின்றுவிடவில்லை.

பைத்தியத்துக்கு மருந்தென்று ஹக்கீம்களும் வைத்தியர்களும் காலங்காலமாகக் கொடுத்து வந்த சர்ப்பகந்தா வேரிலிருந்து, 1931-ல் சித்தீக்கீ ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். தன் பெயரையா வைத்தார்? அஜ்மலின் என்று ஹக்கீமின் பெயரை வைத்தார்! இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்துக்கு மருந்தானது அது. திடீர் மரணத்தை உண்டாக்கும் புருகாடா என்ற இதய நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, ஐரோப்பிய மருத்துவமனைகளில் இன்றும் அஜ்மலினைத்தான் நரம்பில் ஏற்றி ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள். நம் வேம்பிலிருந்து நிம்பின், நிம்பிடின் ஆகியவற்றை 1942-ல் பிரித்தவரும் இவரே.

"அவர் 1951-ல் பாகிஸ்தான் போய்விட்டாரே" என்று சிலர் முணுமுணுப்பார்கள். போனார், உண்மைதான். ஆனால் அஜ்மலின் பிறந்தது கராச்சியில் அல்ல, டில்லி கரோல்பாக்கில்! அதைச் சொல்ல ஏன் கூச வேண்டும்?

இன்னொன்றும் கேளுங்கள். அதே வேரிலிருந்து ரத்தக் கொதிப்புக்கான ரிசர்ப்பைனை 1952-ல் பிரித்து உலகெங்கும் விற்றது சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி. வேர் நம்முடையது, வைத்தியம் நம்முடையது, லாபம் அவர்களுக்கு! ஆய்வுக்குப் பணம் போட அவர்களிடம் ஆளிருந்தது. வியாபாரிகளான உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஹக்கீம் தன் மருந்துக்கடை வருமானத்தில் செய்ததை, இத்தனை கடைகள் வைத்திருக்கும் நாம் ஏன் செய்யவில்லை? வலீமா பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் லட்சங்களைக் கொட்டுகிறோம். ரசாயனம் படிக்க விரும்பும் ஏழைப் பையன் ஃபீஸ் கேட்டு வந்தால், "அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி" என்கிறோம். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் உங்கள் மஹல்லா முத்தவல்லியிடம் போய், சென்ற ஆண்டு ஜமாஅத் கணக்கில் படிப்புக்கென்று எழுதிய தொகை எவ்வளவு என்று கேளுங்கள். பஸ்ஸில் வந்த அந்தப் பையனையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.