ஹைப்போ போகும்வரை

பழைய கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி மஞ்சளாகியிருந்தால் காலத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். சரியாக அலசாமல் தாளுக்குள் தங்கிவிட்ட ஹைப்போவும், அதாவது படத்தை நிலைநிறுத்தும் மருந்தும், காரணமாக இருக்கலாம். பிளாஸ்டிக் பூசிய தாளுக்குச் சில நிமிட அலசல் போதும். பிளாஸ்டிக் பூசாத ஃபைபர் தாள் மருந்தைப் பஞ்சுபோலக் குடிக்கும். வெறும் தண்ணீரென்றால் ஒரு மணி நேரம் கேட்கும். அதற்காகக் குழாயைத் திறந்தே விடுவது, மேட்டூர் அணைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கோடையில் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் ஓமலூரில், எனக்குப் பொறுக்கவில்லை. தேவையும் இல்லை. ஹைப்போ தானாகக் கசிந்துதான் வெளியேறும். ட்ரேயில் ஊறவைத்து, படங்கள் ஒட்டிக்கொள்ளாமல் புரட்டி, ஐந்து நிமிடத்துக்கொருமுறை தண்ணீரை முழுக்கக் கொட்டி மாற்றுங்கள். நடுவில் 2 சதவீத சோடியம் சல்பைட் கரைசலில் 10 நிமிடம் போட்டால் அலசும் நேரம் வெகுவாகக் குறையும். முதல் அலசல்களுக்கு போர்வெல் தண்ணீரே தாராளம். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இருக்கட்டும்.