யமுனைக் கரையில் பழுதுபார்க்கப்படுவது எது?

2023 ஜூலை 13 அன்று தில்லியில் யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. 1978-இல் பதிவான 207.49 மீட்டர் என்னும் உச்சம் முறிந்தது. 2025 செப்டம்பரில் நதி மறுபடியும் 207 மீட்டரைத் தாண்டியது. ஒவ்வொரு முறையும் நீர் வடிந்தவுடன் அரசு அலுவலகங்களிலிருந்தும், வருந்திச் சொல்கிறேன், நமது பல்கலைக்கழகத் துறைகளிலிருந்தும் எழும் சொல் ‘சீரமைப்பு’. அச்சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் எண்களைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் அத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து வெளியேறிய உச்ச நீரளவு நொடிக்கு 8.28 லட்சம் கனஅடி. தில்லியில் மட்டம் 206.60 மீட்டர். 2023-இல் வெளியேறியதோ ஏறத்தாழ 3.59 லட்சம் கனஅடி, மட்டம் 208.66. பாதிக்கும் குறைவான நீர் இரண்டு மீட்டர் கூடுதலாக ஏறியிருக்கிறது. ஜூலை 9 அன்று தில்லியில் 153 மி.மீ. மழை கொட்டியதையும், நீர்வரத்து நாட்கணக்கில் நீடித்ததையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டு மீட்டரையும் மழையின் தலையில் கட்டிவிட இயலாது. வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரையிலான 22 கிலோமீட்டரில் தடுப்பணைகளும் பாலங்களும் அவற்றின் அணுகுசாலைக் கரைகளும் நதியின் குரல்வளையை நெரித்துள்ளன. தூர் மேடாகிக் கிடக்கிறது. ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து திறக்கவே மறுத்தன; அவற்றைத் திறக்கப் படையினரை அழைக்க வேண்டியிருந்தது.

ஆக, பழுதுபார்க்க வேண்டியவை இருக்கவே செய்கின்றன: மதகுகள், வடிகால் வாயில்களின் ஒழுங்கியக்கிகள், அவ்வெள்ளத்தில் நின்றுபோன குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள். இவற்றில் எவர்க்கும் கருத்து வேறுபாடு இராது. இவற்றோடு ஒரே மூச்சில் பூங்காக்களின் கல்பாவிய நடைபாதைகளையும் அலங்கார விளக்குகளையும் புல்தரைகளையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது. அசிதா, பான்சேரா போன்ற ஆற்றங்கரைப் பூங்காக்கள் 2023-இல் சேற்றில் மூழ்கின. அவற்றை மீட்கும் முதல் வேலை வண்டலை அள்ளி அகற்றுவது. வட இந்திய உழவர் ‘காதர்’ என்று தனிப்பெயரிட்டு அழைக்கும் அந்நிலத்துக்கு வண்டல்தான் உயிர். பல்லாவில் இந்நகரம் குடிக்க இறைக்கும் நிலத்தடி நீரும் அம்மணலில் வெள்ளம் படர்ந்து ஊறியதே. படுகையின் உணவைக் குப்பை என அள்ளி எறிவதற்குச் ‘சூழலியல் மீட்டெடுப்பு’ என்று பெயர்! தலைமுறைகளாக அங்கே பயிரிட்டோரின் குடிசைகள் மட்டும் ஆக்கிரமிப்பு எனப்பட்டு இடிக்கப்படுகின்றன. பழுதுபார்ப்புப் பட்டியலில் அவை இடம்பெறுவதில்லை.

25 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் பரவும் எல்லைவரை கட்டுமானம் கூடாதெனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. நமக்குச் சட்டம் போதவில்லை என்பதன்று குறை. அச்சட்டத்தைச் சுற்றிச் செல்ல அறிவியல் வழிகாட்டுகிறது என்பதே குறை.

காமன்வெல்த் விளையாட்டுக் கிராமத்தின் வரலாறு நம் துறையினருக்கு மறந்திருக்காது. அந்நிலத்தில் நிரந்தரக் கட்டுமானம் ஆகாது என்னும் கருத்தில் இருந்த நீரி நிறுவனம், அக்‌ஷர்தாம் அருகே கரை எழுந்தபின் 2008-இல் தன் நிலையை மாற்றிக்கொண்டது. கரைக்கு வெளியே இருப்பது வெள்ளப்படுகை அன்றாம். 2009-இல் உச்சநீதிமன்றமும் கட்டுமானத்துக்கு இசைந்தது. ஒரு சுவரை எழுப்பிவிட்டு, சுவருக்கு அப்பால் நதி இல்லை என்று சான்றளிப்பது எவ்வகை நீரியல்?

இன்றைய சீரமைப்பு மதிப்பீடுகளிலும் அதே தருக்கமே ஒளிந்திருக்கிறது: ஏற்கெனவே கட்டியாயிற்று, ஆகவே காக்க வேண்டும். கலந்தாய்வுப் பணியாக இவற்றுக்குக் கையொப்பமிடும் பேராசிரியர்களிடம் கேட்பது இரண்டே. ஒவ்வொரு கட்டமைப்பையும் மீண்டும் கட்டினால் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்னும் கணக்கை அறிக்கையில் சேருங்கள். அவ்வறிக்கையை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்னரே பொதுவில் வையுங்கள்.